பக்கத்துக் கட்டடத்துக்கு இன்டர்நெட்: 100 மீட்டருக்குள் என்றால் காப்பர் கேபிளே போதுமா?

பிப்ரவரி 21, கேள்வி

"இளம்பிள்ளை பக்கம் வீடு. வீட்டுக்குப் பின்னால் 40 மீட்டர் தள்ளித் தறிப்பட்டறை. இன்டர்நெட் வீட்டில் இருக்கிறது, பட்டறைக்கு வைஃபை எட்டவில்லை. அங்கே நான்கு கேமரா, பில் போட ஒரு கம்ப்யூட்டர். லேன் கேபிள் இழுத்து விட்டால் முடிந்தது என்கிறார் எலக்ட்ரீஷியன். 100 மீட்டருக்குள் இருப்பதால் காப்பர் போதும், ஃபைபர் வீண் செலவு என்பதுதான் என் எண்ணமும். தப்பா?"

பிப்ரவரி 21, இரவு

நீளக் கணக்கில் தப்பில்லை. நிலையாக ஓடும் கேபிள் 90 மீட்டர், இரண்டு முனையிலும் பேட்ச் கார்டு (கருவியில் சொருகும் குட்டி லேன் கேபிள்) சேர்த்து 10 மீட்டர், ஆக 100. நாற்பது மீட்டரில் ஜிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) தாராளமாக ஓடும்.

ஆனால் நீளத்தை விட்டுவிட்டு வேறொன்று பாருங்கள். வீட்டுக்கும் பட்டறைக்கும் ஒரே ஈ.பி. சர்வீஸா, தனித்தனியா? எர்த் ஒரே இடத்திலா, இரண்டு இடத்திலா? நான் கேபிள் இழுத்தபோது யாரும் என்னிடம் இதைக் கேட்கவில்லை. மீதியை நாளை எழுதுகிறேன்.

பிப்ரவரி 22

எனக்கு ஏற்காடு, நாகலூர் போகும் வழி. சின்னக் காபித் தோட்டம். வீட்டிலிருந்து எழுபது மீட்டர் இறக்கத்தில் பழைய காபி ஸ்டோர், மூட்டை அடுக்கக் கட்டியது. நான் கணக்கு வேலை செய்கிறேன். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள் சிலவற்றுக்கு ஜிஎஸ்டி தாக்கல் செய்வது நான்தான். வீட்டில் சத்தம் அதிகம் என்று ஸ்டோரின் முன் அறையை ஆபீஸாக மாற்றிக்கொண்டேன்.

நானும் இதே கணக்குத்தான் போட்டேன். எழுபது, நூறுக்குள். கேட் 6 கேபிள் வாங்கி, சில்வர் ஓக் மரத்துக்கு மரம் கட்டி ஸ்டோர் வரை இழுத்தோம். எட்டு மாதம் எந்தக் குறையும் இல்லை.

போன வருஷம் மே மாதம் 18ஆம் தேதி மாலை. சேர்வராயன் மலையில் கோடை இடி எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டாம். நான் ஸ்டோரில் உட்கார்ந்திருந்தேன். வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வந்தன. கேபிள் சொருகியிருந்த நெட்வொர்க் சுவிட்சுக்குள் (ஒரு லேன் இணைப்பைப் பலவாகப் பிரிக்கும் டப்பா) 'டிக்' என்று ஒரு சின்ன ஒலி, பட்டாணி வெடித்த மாதிரி. பச்சை விளக்குகள் எல்லாம் அணைந்தன. அப்புறம் கருகிய வாசனை. மின்னல் எங்கள் கட்டடம் எதிலும் விழவில்லை. கீழ்ப்பாத்தியில் ஒரு மரத்தில் விழுந்திருந்தது. மறுநாள் பார்த்தோம், பட்டை ஒரு விரல் அகலத்துக்கு உச்சியிலிருந்து வேர் வரை உரிந்திருந்தது, மிளகுக் கொடியும் சேர்ந்து.

சுவிட்ச் போச்சு. மேலே வீட்டில் ரூட்டரின் லேன் போர்ட் நான்கும் போச்சு, வைஃபை மட்டும் வந்தது. என் லேப்டாப்பின் லேன் போர்ட்டும் போச்சு. 20ஆம் தேதி ஜிஎஸ்டி 3பி (மாத வரிக் கணக்கு) தாக்கலுக்குக் கடைசி நாள். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலத்தில் ஒரு வாடிக்கையாளர் பட்டறையில் உட்கார்ந்து எல்லாருக்கும் தாக்கல் செய்துவிட்டு இரவு ஏறி வந்தேன்.

காரணம் இதுதான். வீட்டுக்கு ஒரு சர்வீஸ், ஸ்டோருக்கு வேறு சர்வீஸ். இரண்டு எர்த். மின்னல் விழுந்த இடத்தைச் சுற்றி மண்ணிலேயே மின்னழுத்தம் ஏறுகிறது. ஸ்டோர் பக்கம் ஏறிய அளவு வீட்டுப் பக்கம் ஏறவில்லை. அந்த வித்தியாசம் சமனாக ஒரு வழி தேடும். நான் இழுத்துக் கொடுத்த காப்பர்தான் அந்த வழி.

அதனால் என் பதில்: இரண்டு கட்டடத்துக்கு நடுவே காப்பர் வேண்டாம், ஃபைபர் போடுங்கள். அது கண்ணாடி இழை, அதில் ஓடுவது வெளிச்சம், கரண்ட் இல்லை. 40 மீட்டரானாலும் சரி, 10 மீட்டரானாலும் சரி.

பிப்ரவரி 25

கேட்டவர் பதில் எழுதியிருக்கிறார். தறிக்கு இலவச யூனிட் கணக்கு இருப்பதால் தனி சர்வீஸ், தனி மீட்டர், த்ரீ ஃபேஸ். எர்த் குழியும் தனி. ஆக என் நிலைமையேதான்.

நேற்று தொலைபேசியில் பேசியபோது அவரிடம், "தனி எர்த் என்றால் சாதாரண நாளிலேயே கேபிளில் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்" என்று சொல்லிவிட்டேன். அது முழுக்கச் சரியில்லை. திருத்திக்கொள்கிறேன். லேன் போர்ட் ஒவ்வொன்றுக்குள்ளும் குட்டி டிரான்ஸ்ஃபார்மர் உண்டு. 1500 வோல்ட் வரை தடுத்து நிற்க வேண்டும் என்பது ஈதர்நெட் தரத்திலேயே இருக்கிறது. ஷீல்டு இல்லாத சாதாரண கேபிளில் அன்றாட எர்த் வித்தியாசம் ஒன்றும் செய்யாது. எனக்கும் எட்டு மாதம் ஓடியதே.

கரண்ட் ஓடுவது ஷீல்டு கேபிளில், அதாவது உள்ளே அலுமினியத் தாள் சுற்றி, உலோக ஜாக் போட்டு, இரண்டு முனையிலும் எர்த்தோடு சேர்த்துவிட்டால். வெளியில் போகிறது, நல்லதாகப் போடுவோம் என்று பலர் அதைத்தான் வாங்குகிறார்கள். இரண்டு கட்டடத்தின் எர்த்தையும் அந்தத் தாள் ஒன்றாகக் கட்டிவிடுகிறது. தறி மோட்டார் ஒன்றில் இன்சுலேஷன் போய் எர்த்தில் கரண்ட் கசிந்தால், அது உங்கள் கேபிள் வழியாக வீட்டுக்கு வரும். அதை மட்டும் செய்யாதீர்கள்.

மின்னலுக்கு முன்னால் 1500 வோல்ட் ஒன்றுமே இல்லை.

பிப்ரவரி 26

"ஏற்கெனவே ஒரு பெட்டி கேபிள் வாங்கிவிட்டேன், பாதி விலைக்குக் கிடைத்தது" என்கிறார். ஒரு கம்பியை எடுத்துப் பிளேடால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம், மேலே காப்பர் பூச்சு மட்டும். பெட்டியைத் தூக்கினாலே லேசாக இருக்கும். நான்கைந்து தடவை மடக்கினால் முறியும். கேமராவுக்கு அதிலேயே பவரும் அனுப்பினால் சூடாகும், தூரத்தில் இருக்கும் கேமரா இரவில் விளக்கு எரியும்போது அணைந்து அணைந்து வரும்.

பட்டறைக்கு உள்ளே கேமராவிலிருந்து சுவிட்ச் வரை எப்படியும் காப்பர்தான். அதற்கும் முழுக் காப்பரே வாங்குங்கள்.

மார்ச் 2

இந்த வருஷம் நானும் ஃபைபர் போடுகிறேன். இத்தனை மாதம் ஸ்டோரில் மொபைல் ஹாட்ஸ்பாட்தான். பழம் பறிப்பு முடிந்துவிட்டது, மிளகும் முடியப் போகிறது, ஆள் கிடைக்கும். அப்பா சொல்லிவிட்டார், "பூ மழைக்கு முன்னாடி முடிச்சுடும்மா, செடி பூத்ததுக்கு அப்புறம் தோட்டத்துல கடப்பாரை எடுக்கக் கூடாது."

வாங்கியது:

சிங்கிள் மோட் டிராப் கேபிள் 100 மீட்டர். வீட்டுக்கு இன்டர்நெட் கொண்டுவருகிறார்களே, அதே கறுப்புத் தட்டைக் கேபிள். மீட்டர் பத்து ரூபாய்க்குள் கிடைத்தது. காப்பர் கேட் 6 இதைவிட விலை அதிகம். ஃபைபர் என்றாலே செலவு என்ற பேச்சு எப்போதோ காலாவதியாகிவிட்டது.

மீடியா கன்வெர்ட்டர் ஒரு ஜோடி. ஒரு பக்கம் லேன், மறுபக்கம் ஃபைபர். ஜோடி 2000 ரூபாய்க்குள். டப்பாவில் '10/100/1000' என்று இருக்க வேண்டும். '10/100' மட்டும் என்றால் 100 எம்பிபிஎஸ்தான் வரும். பார்க்க இரண்டும் ஒரே டப்பா.

ஒற்றை இழையிலேயே போக வர இரண்டும் நடக்கும். ஒரு கன்வெர்ட்டர் 1310 நானோமீட்டரில் அனுப்பி 1550-இல் வாங்கும், மற்றது அதற்கு எதிர். அதனால்தான் மேலே ஏ, பி என்று ஒட்டியிருக்கும். ஏ வீட்டில், பி ஸ்டோரில். மாற்றி வைத்தாலும் பரவாயில்லை. இரண்டு ஏ வாங்கினால்தான் ஒன்றும் வராது.

மார்ச் 3

நேற்று எழுதியதில் ஒரு பெரிய ஓட்டை. செம்மடுவிலிருந்து ஒருவர் கேட்டார், "அந்த டிராப் கேபிளின் ஓரத்தில் கம்பி இருக்குமே, அது இரும்புதானே?"

உடனே போய் வெட்டிப் பார்த்தேன். நான் வாங்கியதில் ஓரத்தில் தொங்கவிடுவதற்கான கம்பி ஒன்று, இழைக்கு இரு பக்கமும் மெல்லிய கம்பி ஒவ்வொன்று. காந்தம் மூன்றிலும் ஒட்டியது. இரும்பு வேண்டாம் என்றுதானே ஃபைபருக்கே வந்தேன்! அதைப் போட்டிருந்தால் எழுபது மீட்டர் இரும்புக் கம்பி இரண்டு கட்டடத்தையும் கட்டியிருக்கும்.

கடையில் 'எஃப்ஆர்பி' என்று கேளுங்கள். இரும்புக்குப் பதில் கண்ணாடி நார் பிளாஸ்டிக் குச்சி இருக்கும், காந்தம் ஒட்டாது. மாற்றி வாங்கிவிட்டேன். கேட்டவருக்கு நன்றி, பெரிய உபகாரம். ஏற்கெனவே இரும்புக் கம்பி உள்ளதைத் தொங்கவிட்டவர்கள், இரண்டு முனையிலும் கட்டடத்துக்கு வெளியிலேயே கம்பியை வெட்டிவிட்டு இழையை மட்டும் உள்ளே கொண்டுபோங்கள். எந்த உலோகத்தையும் அது தொடக் கூடாது.

மார்ச் 9

இரண்டு நாளாகப் பள்ளம்.

தொங்கவிடுவதில்லை என்று முதலிலேயே முடிவு. சில்வர் ஓக் கிளை காற்றுக்கு ஒடிந்து விழும், குரங்கு ஊஞ்சலாடும். போன முறை குரங்குக் கூட்டம் கேபிளைப் பிடித்து இழுத்ததில் இரண்டு தடவை ஜாக் பிடுங்கிக்கொண்டது. மண்ணுக்குள் போட்டாலும் கேபிளை வெறுமனே புதைக்கக் கூடாது, குழாய்க்குள் போட வேண்டும். கேபிள் போனால் உருவி வேறு போடலாம். பள்ளத்தை இன்னொரு தடவை வெட்ட யாருக்கும் தெம்பு இருக்காது.

குழாய், தோட்டத்துத் தண்ணீருக்குப் போடும் கறுப்பு எச்டிபிஈ, 32 மில்லிமீட்டர், 100 மீட்டர் சுருள். நடுவில் ஒரு இணைப்புகூடக் கிடையாது. பிவிசி குழாய் மூன்று மீட்டருக்கு ஒரு மூட்டு, மூட்டுக்கு மூட்டு தண்ணீர் இறங்கும், வேர் நுழையும்.

வழி பற்றி அப்பாவுக்கும் எனக்கும் பெரிய வாக்குவாதம். நான் நேர்க்கோட்டில் போகலாம் என்றேன், 70 மீட்டர். அப்பா நடைபாதை ஓரமாகத்தான் என்றார், 85 மீட்டர். காபிச் செடியின் தீனி வேர் எல்லாம் மேல் ஒரு அடி மண்ணில்தான் பரவியிருக்கும், நேராக வெட்டினால் நாற்பது செடிக்கு வேர் அறுபடும் என்பது அவர் கணக்கு. ஒரு செடியின் அடியில் மண்ணைக் கையால் விலக்கிக் காட்டினார். நூல் நூலாக, வெளிர் பழுப்பாக, இலைமக்குக்குள் வலை பின்னியிருந்தது. அதைப் பார்த்த பிறகு நான் பேசவில்லை. நடைபாதை ஓரமாகவே போனோம்.

ஒன்றரை அடி ஆழம். மேலே செம்மண், அரை அடிக்குக் கீழே சுக்கான் மாதிரி கெட்டி, இரண்டு இடத்தில் பாறை. பாறை இருந்த இடத்தில் ஒரு அடிதான் கிடைத்தது, அங்கே குழாய் மேல் கான்கிரீட் கொட்டினோம். இங்கே இரவில் காட்டெருது நடக்கும். அதன் குளம்பு மழை ஈரத்தில் முக்கால் அடி இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். பாறையில்லாத இடத்தில் குழாய்க்கு அடியிலும் மேலும் சலித்த மண், கூரான கல் படாதபடி.

வளைவில் எல்போ போடவே கூடாது. குழாயையே பெரிய வட்டமாக வளைத்தோம். வீட்டுப் பக்கம் விளக்குக் கரண்ட் போகும் பழைய ஒயர் குறுக்கே வந்தது, அதிலிருந்து ஒரு அடி தள்ளி, நேர் குறுக்காகக் கடந்தோம்.

கயிறு விடுவதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஆள் ஒருவர் வழி சொன்னார். கைப்பிடி அளவு பிளாஸ்டிக் பையைச் சுருட்டி மெல்லிய நூலில் கட்டி மேல் முனையில் விட்டோம். கீழ் முனையில் வீட்டு வேக்குவம் கிளீனரை வைத்துத் துணி சுற்றிப் பிடித்தோம். மேலே நூல்கண்டு தரையில் துள்ளித் துள்ளி அவிழ்ந்தது. குழாய்க்குள் சர்ர்ர் என்று சத்தம், அரை நிமிஷம்கூட ஆகவில்லை, கீழே பொத் என்று வந்து அடைத்தது. நூலில் நைலான் கயிறு, கயிற்றில் கேபிளும் இன்னொரு கயிறும். இரண்டாவது கயிறு குழாய்க்குள்ளேயே இருக்கட்டும்.

மார்ச் 10

"கூடவே அதே குழாயில் ஒரு கரண்ட் ஒயரும் விட்டால் பட்டறைக்கு ஒரு லைட் போட்டுக்கொள்ளலாமே என்கிறார் எலக்ட்ரீஷியன்" என்று இளம்பிள்ளைத் தம்பி கேட்கிறார். விடாதீர்கள். ஃபைபருக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் நாளைக்கு அந்தக் குழாயில் கை வைப்பவர் அது இன்டர்நெட் குழாய் என்று நினைத்துத்தான் வைப்பார்.

மார்ச் 16

இன்று ஸ்ப்ளைசிங், அதாவது ஃபைபர் முனைகளை உருக்கி ஒட்டும் வேலை. ஊரில் கேபிள் டிவி இணைப்புப் பார்க்கும் தம்பி மெஷினோடு வந்தார். இதை நான் இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. மேலுறையை உரித்து, அதற்குள் நிற உறையை உரித்து, ஸ்பிரிட் துணியால் துடைத்தால் கடைசியில் நிற்பது தலைமுடி மாதிரி ஒரு கண்ணாடி. 125 மைக்ரான். வெளிச்சம் ஓடுவது அதன் நடுவில் 9 மைக்ரானில் மட்டும். துடைக்கும்போது 'கிரீச்' என்று சத்தம் வர வேண்டும், அப்போதுதான் சுத்தம் என்றார். மெஷினில் இரண்டு முனையும் திரையில் பெரிய தூண் மாதிரி தெரிந்தன. ஒன்றை ஒன்று தேடி நெருங்கி, ஒரு பொறி, ஒட்டிக்கொண்டன. 0.02 டிபி இழப்பு என்று காட்டியது. மேலே சின்னக் குழல் போட்டுச் சூடு காட்டினார்.

வெட்டி விழும் கண்ணாடித் துண்டுகளை ஒரு செல்லோ டேப்பில் ஒட்டி எடுத்துக்கொண்டார். உங்கள் வீட்டில் வருபவர் அப்படிச் செய்யாவிட்டால் நீங்களே கேட்டுச் செய்ய வையுங்கள். குழந்தைகள் வெறுங்காலோடு நடக்கும் இடம், குத்தினால் கண்ணுக்கே தெரியாது.

ஒரு விஷயத்தில் நான் தடுத்தேன். அவரிடம் இருந்தது பச்சை முனை (ஃபைபரைக் கருவியில் சொருகும் ஜாக்). வீட்டு இணைப்புக்குப் பெரும்பாலும் பச்சைதான் போடுவார்கள், அதன் முகம் எட்டு டிகிரி சாய்வு. மீடியா கன்வெர்ட்டருக்கு நீலம், சாய்வில்லாத முகம். பச்சையை நீலத்தில் சொருகினால் உள்ளே போகும், பொருந்தியது போலவே இருக்கும், நடுவில் காற்று இடைவெளி விழுந்து வெளிச்சம் வீணாகும். வண்டியிலிருந்து நீலம் எடுத்து வந்தார்.

சொருகியதும் விளக்கு வந்தது. ஆனால் வேகம் 94-ஐத் தாண்டவில்லை. வீட்டு இணைப்பு 200. ஃபைபரில் கோளாறு என்று நினைத்து இரண்டு மணி நேரம் போச்சு. கடைசியில் பார்த்தால் ரூட்டரிலிருந்து கன்வெர்ட்டருக்குப் போன ஒன்றரை அடி பேட்ச் கார்டு. ஒரு பழுப்புக் கம்பி ஜாக்கில் எட்டவில்லை. 100-க்கு நான்கு கம்பி போதும், ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். ஒன்று விட்டால் தானாக 100-க்கு இறங்கி ஓடுகிறது, எந்த எச்சரிக்கையும் இல்லை. 94 என்ற எண்ணைப் பார்த்தால் முதலில் ஜாக்கைப் பாருங்கள்.

ஜாக் அடிக்கும் வரிசை கேட்டிருந்தார்கள்: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. இரண்டு முனையும் இதே வரிசை.

மார்ச் 17

ஸ்டோரில் வைஃபைக்குப் பழைய ரூட்டர் ஒன்றை வைத்தேன். அப்படியே சொருகினால் வேலை செய்யாது. இரண்டு ரூட்டருக்கும் முகவரி 192.168.1.1 என்று இருந்தது. பழையதை 192.168.1.2 என்று மாற்றி, அதன் டிஎச்சிபியை (கருவிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கும் வசதி) அணைத்து, கேபிளை வான் (WAN, இன்டர்நெட் உள்ளே வரும்) போர்ட்டில் அல்லாமல் லேன் போர்ட்டில் சொருகினேன். வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் வீட்டிலுள்ளதே. அப்பா போனோடு வீட்டிலிருந்து ஸ்டோருக்கு நடந்து வருகிறார், பேத்தி முகம் வீடியோ காலில் நடுவழியில் கொஞ்சம் உறைகிறது, ஸ்டோர் வாசலில் மறுபடி வந்துவிடுகிறது.

மார்ச் 28

பள்ளமே வேண்டாம், இரண்டு கூரையிலும் ஆன்டெனா வைத்துக்கொள்ளலாம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நேரே பார்வை இருந்தால் நல்ல வழிதான், மறுக்கவில்லை. நடுவில் ரோடோ அடுத்தவர் நிலமோ இருந்தால் அதுதான் ஒரே வழி. எனக்கு நடுவில் இருபது சில்வர் ஓக்.

ஆனால் "ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் சிக்னல் நிற்காது" என்று இன்னொருவர் சொன்னது சரியல்ல. இந்த ஆன்டெனாக்கள் அனுப்பும் 5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் கிட்டத்தட்ட ஆறு சென்டிமீட்டர். மூடுபனித் துளி மைக்ரான் கணக்கு. இந்தத் தூரத்தில் பனிமூட்டம் அதை ஒன்றும் செய்யாது. தடுப்பது நனைந்த இலை. பனி மூடிய நாளில் இலையெல்லாம் நனைந்திருப்பதால் பழி பனிக்குப் போகிறது.

ஏப்ரல் 27

நேற்று மாலை நாலரைக்கு ஆரம்பித்து ஒன்றரை மணி நேரம். போன மே மாதத்துக்குக் குறைவில்லாத இடி. நான் ஸ்டோரில்தான் இருந்தேன். எதையும் பிடுங்கவில்லை, வேண்டுமென்றே. இணைப்பு ஒரு நொடிகூட அறுபடவில்லை, ஐந்தரை மணி வரைக்கும்.

ஐந்தரைக்கு ஒரு பெரிய இடி, ஸ்டோர் பக்கக் கன்வெர்ட்டர் விளக்கு அணைந்தது. வயிற்றில் புளி கரைத்தது. பார்த்தால் கன்வெர்ட்டருக்கு ஒன்றும் இல்லை, அதன் 5 வோல்ட் அடாப்டர் போயிருக்கிறது. வேறு அடாப்டர் சொருகியதும் எழுந்துவிட்டது. வீட்டுப் பக்கம் ஒரு பொருளுக்கும் சேதம் இல்லை.

ஆக, பிப்ரவரியில் நான் எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். ஃபைபர் ஒரு கட்டடத்து அடியை அடுத்த கட்டடத்துக்குக் கொண்டுபோகாது. ஈ.பி. ஒயரில் வரும் அடியை அது தடுக்காது, அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும். ஸ்டோர் எர்த்தை இன்று சோதித்தோம். குழி காய்ந்து கிடந்தது. ஜிஐ குழாய் இருக்கிறது, உப்பும் கரியும் எந்தக் காலத்திலோ கரைந்துவிட்டன. புதுக் குழி போட்டு, மெயின் போர்டில் சர்ஜ் அரெஸ்டர் (ஒயரில் வரும் மின்னல் அடியை எர்த்துக்குத் திருப்பிவிடும் கருவி) வைக்கச் சொல்லியிருக்கிறேன். இதைக் கேபிள் இழுக்கும் முன்னாலேயே செய்திருக்க வேண்டும்.

ஜூன் 11

"வீட்டுக்கு வரும் ஃபைபரையே ஸ்ப்ளிட்டர் போட்டு இரண்டாகப் பிரித்து, பட்டறையில் இன்னொரு மோடம் வைத்தால் என்ன?" இது மூன்றாவது தடவையாக வரும் கேள்வி. ஓடாது. ஒவ்வொரு மோடமும் கம்பெனியின் கருவியில் தனியாகப் பதிவாகியிருக்க வேண்டும், இரண்டாவது மோடத்துக்கு இரண்டாவது இணைப்புப் பணம். அதோடு நீங்கள் நடுவில் வைக்கும் ஸ்ப்ளிட்டர் வெளிச்சத்தைப் பாதிக்கு மேல் குறைத்துவிடும், வீட்டு இணைப்பும் தள்ளாடும். மோடத்துக்கு அந்தப் பக்கம் கை வைக்காதீர்கள். மோடத்தின் லேன் போர்ட்டிலிருந்து தொடங்குவதுதான் நம் வேலை.

ஜூலை 20

இளம்பிள்ளைத் தம்பி முடித்துவிட்டார். 40 மீட்டர், எஃப்ஆர்பி கேபிள், குழாய்க்குள். பட்டறையில் நான்கு கேமராவும் ஓடுகின்றன. ஆனால் போன வாரம் போன் செய்து, "அக்கா, காலையில நல்லா இருக்கு, மத்தியானத்துக்கு மேல கேமரா விட்டு விட்டு வருது" என்றார்.

படம் அனுப்பச் சொன்னேன். கன்வெர்ட்டரைத் தறிக்கு மேலே சுவரில் திறந்தபடி மாட்டியிருக்கிறார்கள். மேலெல்லாம் பஞ்சு, பூனை மயிர் மாதிரி. காற்றுத் துளை அடைத்துச் சூடேறி நின்றுபோகிறது. ஃபைபர் முனையை உருவிப் பார்த்துவிட்டு மூடி போடாமல் வைத்து மறுபடி சொருகியிருக்கிறார்கள், அதிலும் தூசி. 9 மைக்ரான் வழியில் ஒரு தூசி என்பது வாசலில் பாறை. ஸ்பிரிட் துணியால் முனையைத் துடைத்து, கன்வெர்ட்டரை ஆபீஸ் அறைக்குள் மாற்றியதும் சரியாகிவிட்டது. தறிச் சூழலுக்கு இதை முன்கூட்டியே எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மற்ற பட்டறைக்காரர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

முனையை உருவினால் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்காதீர்கள். 1310, 1550 இரண்டும் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம், எரிகிறதா என்றுகூடத் தெரியாது.

அக்டோபர் 14

மூன்று நாள் மழைக்குப் பிறகு நேற்று ஸ்டோரில் இணைப்பு போச்சு. கேபிள் தம்பி சிவப்பு லேசர் பேனா கொண்டுவந்து வீட்டு முனையில் சொருகினார். ஸ்டோர் முனையில் வெளிச்சம் இல்லை. வீட்டு முனைப் பெட்டியைத் திறந்தோம், கேபிள் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் உறைக்குள்ளிருந்து சிவப்பாக ஒளிர்ந்தது, ஒரு மிளகு அளவு. எறும்பு. குழாய் வாயை ஸ்டோர் பக்கம் அடைத்திருந்தேன், வீட்டுப் பக்கம் துணி மட்டும் செருகியிருந்தேன். மழைக்கு எறும்பு குழாய் வழியே ஏறிப் பெட்டிக்குள் கூடு வைத்து, உறையை அரித்திருக்கிறது. அந்த இடத்தை வெட்டி மறுபடி ஸ்ப்ளைஸ் போட்டார், அரை மணி நேர வேலை. உபரி கேபிளாக இரண்டு மீட்டர் சுருட்டி வைத்திருந்ததால்தான் அது முடிந்தது. நீங்களும் இரண்டு பக்கமும் அவ்வளவு விட்டு வையுங்கள்.

இரண்டு வாயையும் இப்போது எம்-சீல் வைத்து அடைத்தாயிற்று. அதற்கு முன்னால் இரண்டாவது கயிற்றைப் பயன்படுத்தி இன்னொரு ஃபைபரும், திரும்பவும் ஒரு கயிறும் உள்ளே விட்டுவிட்டோம். நவம்பரில் பழம் பறிப்பு. உலர்களத்தில் கொட்டிக் காயும் காபியைக் கட்டிலில் படுத்தபடியே பார்க்க ஒரு கேமரா வேண்டுமாம் அப்பாவுக்கு. அடுத்த வாரம் மாட்டுகிறோம்.